பத்திரம் பார்த்தாச்சு, உத்திரம் பார்த்தாச்சா? கிராமத்து வீடு வாங்கும் முன் செய்ய வேண்டிய கட்டடப் பரிசோதனை

கிராமத்தில் வீடு வாங்கப் போகிறவரிடம் "சர்வே எடுத்தாச்சா?" என்று கேட்டால், "சர்வேயர் வந்து கல் ஊன்றிவிட்டுப் போனார்" என்றுதான் பதில் வரும். நம் ஊரில் சர்வே என்றால் நிலம் அளப்பது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பட்டா, புலப்படம், மூலப்பத்திரம் எல்லாம் வக்கீல் கைக்குப் போகின்றன. வாஸ்து பார்க்கிறவரையும் ஒரு நடை அழைத்து வருகிறோம். அந்த மனையின் மேல் நிற்கிற கட்டடத்தைத் தட்டிப் பார்க்க மட்டும் ஒருவரையும் கூப்பிடுவதில்லை.

"பேங்க்கிலிருந்து ஆள் வந்து பார்த்தாரே" என்பார்கள். அவர் மதிப்பீட்டாளர். கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதுதான் அவருடைய கேள்வி. ஏணி போட்டு ஏறி உத்திரத்தைக் குத்திப் பார்ப்பது அவர் வேலையில் சேராது. தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப் போவதும் அரைக் கிணறு தாண்டுவதுதான். எந்த விரிசலைக் காட்டினாலும் "பூசிவிட்டால் சரியாகிவிடும்" என்பார். பூசுவது அவர் தொழில், அதில் தப்பில்லை. விரிசல் ஏன் வந்தது, இன்னும் நகர்கிறதா என்று சொல்ல, கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடத் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும்.

இதை இரண்டு கட்டமாகச் செய்வது நல்லது. முதலில் நாமே அரை நாள் நின்று பார்ப்பது. தேறாத வீடுகளில் பாதி அங்கேயே கழிந்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் இன்ஜினியர். முதல் நடைக்கு வேண்டியவை: நல்ல டார்ச், 5 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, 30 அடி டியூப் லெவல் (இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் தெளிவான குழாய்), நூல், நீளமான ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், ஏணி, இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட், ஒட்ட டேப்.

எப்போது போகிறோம் என்பது முக்கியம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்த நவம்பரில் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை பார்த்தால் வீடு எதையும் மறைக்க முடியாது. ஒழுக்கும் ஓதமும் (சுவரில் ஊறும் ஈரம்) மழையில் தெரியும், கரிசல் மண்ணின் விரிசல் கோடையில் வாய் திறக்கும். ஒரே முறைதான் முடியும் என்றால் மழை விட்ட இரண்டாம் நாள் போங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன் தெருவில் நில்லுங்கள்

ஒவ்வொரு முறை தெருவுக்குத் தார் போடும்போதும், சிமெண்ட் ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். இருபது முப்பது வருஷத்தில் ரோடு திண்ணை மட்டத்துக்கு வந்துவிடுகிறது. டியூப் லெவலின் ஒரு முனையை ரோட்டின் நடுவிலும் மறுமுனையை வீட்டுத் தரையிலும் பிடித்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோட்டைவிடத் தரை ஒன்றரை அடியாவது மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வருவது மட்டும் பிரச்சினையில்லை, அஸ்திவாரம் வருஷத்தில் நாலு மாதம் ஊறிக்கொண்டே இருக்கும். பேஸ்மட்டத்தை உயர்த்துவது சாத்தியம்தான், ஆனால் அதனால் கதவு, ஜன்னல், கூரை உயரம் எல்லாம் மாறும். கண்மாய்க் கரைக்குக் கீழே உள்ள ஊர் என்றால், பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எதிர்வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். விற்கிறவரைக் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது மண். கோவில்பட்டி, விளாத்திகுளம், விருதுநகர்ப் பக்கம் கரிசல். மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கும். இந்த அசைவு மேலே உள்ள சுமார் 3.5 மீட்டர் ஆழம் வரை நடக்கக்கூடியது. இரண்டரை அடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டிக் கட்டிய சுவர் அதன் மேல் படகு மாதிரி ஏறி இறங்கும். மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரோரம் இரண்டடி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். குச்சியால் கிளறிக் காற்றை வெளியேற்றிவிட்டு 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. அதில் 10 மி.லி., தண்ணீரில் 16 மி.லி. என்று நின்றால் வீக்கம் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே இன்ஜினியரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். வாங்கவே கூடாது என்றில்லை. ஆனால் அந்த வீட்டைச் சுற்றி மூன்று நாலு அடி அகலத்துக்குத் தண்ணீர் இறங்காத சரிவுத் தளம், ஓரமாகப் பெரிய மரம் இல்லாமை, ஒழுகாத குழாய் என்று ஆயுள் முழுக்கக் கவனம் வேண்டும்.

அஸ்திவாரத்தைப் பார்க்காமல் அறிக்கை எழுதுகிற இன்ஜினியரை நம்ப வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டி இரண்டடிக்கு இரண்டடி குழி ஒன்று போதும். கருங்கல்லா செங்கல்லா, சாந்து மண்ணா சுண்ணாம்பா சிமெண்டா, எத்தனை அடி இறங்கியிருக்கிறது, அடியில் அகலம் விரிகிறதா என்று பார்க்கலாம். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. விரிசல் விட்ட மூலையில் தோண்டக் கூடாது. அன்றைக்கே அரை அடி அரை அடியாக மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து மூடிவிட வேண்டும்.

விரிசல் பேசும்

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் மட்டும் வலை போல ஓடுகிற மயிரிழை விரிசல் சாந்து சுருங்கியதால் வந்தது, விட்டுவிடலாம். தளத்துக்குக் கீழே சுவரின் தலைமாட்டில் படுக்கைவாக்கில் ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலில் கான்கிரீட் தளம் நீண்டு சுருங்குவதால் வருகிறது. அழகைக் கெடுக்கும், தண்ணீரை உள்ளே விடும், வீட்டைச் சாய்க்காது.

கவலைப்பட வேண்டியவை ஜன்னல், வாசல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிறவையும், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்குகிறவையும்தான். இவை அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டும். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சுவரின் முனை இறங்குகிறது, அல்லது வெளியே சாய்கிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்கியிருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்தால் சுவரைத் துளைத்துவிட்டது என்று பொருள். அகலத்தை அளக்க வேண்டும்: ஒரு மி.மீ.க்குள் என்றால் பூசிக்கொள்ளலாம், 5 மி.மீ. வரை காரணம் தேட வேண்டும், அதற்கு மேல் போனால் இன்ஜினியர் பார்க்கும்வரை அட்வான்ஸ் பேச்சே வேண்டாம்.

விரிசல் பழையதா, இன்னும் ஓடுகிறதா? உள்ளே ஒட்டடையும் பழைய சுண்ணாம்பும் படிந்திருந்தால் நின்றுபோன விரிசல். விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் புதியது. சந்தேகம் தீர, அந்த இடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே இரு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பூச்சின் மேலேயே ஒட்டினால் பூச்சுதான் பெயரும், சுவர் சொல்வது தெரியாது. கிரய ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவே மூன்று மாதம் கிடைத்தால், ஒரு பருவம் மாறுகிற மாதிரி அதை அமைத்துக்கொண்டால், கண்ணாடியின் சாட்சி பலமாக இருக்கும்.

தூக்குக்குண்டை ஒவ்வொரு வெளிச்சுவரிலும் விட்டுப் பாருங்கள். பத்தடி உயரத்தில் அரை அங்குலம் விலகல் பழைய சுவரில் சகஜம். ஒரு அங்குலம் தாண்டினால், அதுவும் தலைப்பக்கம் வெளியே தள்ளியிருந்தால், கூரை சுவரைத் தள்ளுகிறது. ஓட்டுக் கூரையில் எதிரெதிரே சாயும் கைமரங்கள் காலை அகட்டப் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடிப்பது குறுக்கே ஓடும் உத்திரம். ஹாலைப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது அந்த உத்திரத்தையோ அதைத் தாங்கிய தூணையோ எடுத்திருந்தால் சுவர் மெல்ல மெல்ல வெளியே போகும். தரையில் தூண் நின்ற தடம், சுவரில் அடைத்த பொந்து இரண்டையும் தேடிப் பாருங்கள்.

ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் இன்னொன்று. இரு வீட்டுக்கும் ஒரே சுவராக இருந்தால், அடுத்த வீட்டு உத்திரமும் அதில் உட்கார்ந்திருக்கும். அவர்கள் இடித்துக் கட்டும் நாளில் நம் கூரையும் ஆடும். சுவரின் கனத்தை வாசல் வழியாக அளந்து, பத்திரத்தில் பொதுச்சுவர் என்று எழுதியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

மண் சுவர் மேல் கான்கிரீட் தளம்

கிராமத்து வீடுகளில் அடிக்கடி எதிர்ப்படும் பெருந்தவறு இது. ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு அதே சுவரின் மேல் தளம் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் புரியும். 12-க்கு 15 அடி அறைக்கு மங்களூர் ஓட்டுக் கூரை, ரீப்பர் (ஓடு உட்காரும் சட்டம்), கைமரம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு டன். அதே அறைக்கு 5 அங்குல கான்கிரீட் தளம் 5 டன்னுக்கு மேல். மேலே தட்டை ஓடு பதித்து, கைப்பிடிச் சுவர் கட்டி, தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் இன்னும் ஏறும். மண் சாந்தில் கட்டிய ஒன்பது அங்குலச் சுவர் இதைத் தாங்காது. உடனே விழாமல் இருக்கலாம். நனைந்த மண் சாந்து அழுத்தத்தைத் தாங்காது என்பதால், ஒரு நீண்ட மழையில்தான் முடிவு தெரியும்.

பூச்சு மேலே சிமெண்டாக இருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விற்கிறவர் சம்மதத்தோடு சுவிட்ச் போர்டுக்குப் பின்னாலோ பரண் மேலோ உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்து, மூட்டுச் சாந்தை ஸ்க்ரூடிரைவரால் கீறுங்கள். மாவாக உதிர்ந்து, தண்ணீர் தொட்டதும் குழைந்தால் மண். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் சுண்ணாம்பு. இந்த ஒரு கீறலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தளம் என்று பிற்பாடு சேர்த்த வீட்டில் இரண்டும் சேரும் இடத்தில் நேர் செங்குத்து விரிசல் இருக்கும். பழைய சுவரும் புதுச் சுவரும் பல்லுக்குப் பல் கோக்காமல் ஒட்டவைக்கப்பட்டதால் வருவது. அதை இடைவெளியாகவே வைத்து, தண்ணீர் இறங்காமல் மூடினால் போதும். சிமெண்ட் அடைத்தால் அடுத்த வருஷம் பக்கத்தில் பிளக்கும்.

ஓட்டுக் கூரை: மரம்தான் விஷயம்

ஓடு உடைந்தால் மாற்றலாம். மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 150 பிடிக்கும். அதைச் சுமக்கிற மரம் போயிருந்தால்தான் செலவு. பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டை வழியாக வெளிச்சம் வரும் இடங்களை எண்ணிவிடலாம். வெளியே நின்று முகட்டைப் பாருங்கள். நேர்க்கோடாக இல்லாமல் குதிரை முதுகு போல நடுவில் பள்ளமாக இருந்தால் முகட்டு வளையோ உத்திரமோ தொய்ந்திருக்கிறது.

உத்திரத்தின் இரு முனையிலும் நூல் பிடித்து நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கலாம். பன்னிரண்டு அடி உத்திரத்தில் அரை அங்குலம் வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு அங்குலம் என்றால் மரத்தின் ஆரோக்கியத்தைப் பார்த்தே ஆக வேண்டும். மரம் கெட ஆரம்பிப்பது நடுவில் இல்லை, சுவருக்குள் புதைந்த முனையில். அங்கேதான் ஈரம் தங்கும், காற்று போகாது, கரையான் வந்து சேரும். முனைக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் நன்றாக அழுத்திக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் உள்ளே வைரம் இல்லை. சுத்தியலால் தட்டினால் நல்ல தேக்கு கணீரென்று சொல்லும், உளுத்தது டொக்கு டொக்கு என்னும். அடியில் மஞ்சள் மாவு கொட்டிக் கிடந்தால் வண்டு. மண் குழாய் மாதிரி சுவரில் கோடு ஏறியிருந்தால் கரையான். குழாயை உடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது.

கரையான் இருந்தால் வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. கட்டி முடித்த வீட்டுக்கான முறையை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6313 மூன்றாம் பாகம் சொல்கிறது: சுவரும் தரையும் சேரும் கோட்டில் 30 செ.மீ.க்கு ஒரு துளை, ஒவ்வொன்றிலும் மருந்துக் கரைசல் ஒரு லிட்டர். பத்துத் துளைக்கு இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டு முடிந்தது என்கிறவர்கள் உண்டு, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை.

மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய மாடிகளில் தேக்குக் கட்டைகள் நெருக்கமாக ஓடும், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். இங்கேயும் கட்டை முனைதான் சோதனை. அதன் மேல் சிமெண்ட் கான்கிரீட் ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டு "ஒழுக்கை நிறுத்தினோம்" என்றால், பாரத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் வீடு என்றால்

மண்வீட்டுக்குப் பயப்படுகிறவர்கள் எண்பதுகளில் கட்டிய தளவீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். அதில்தான் ஏமாற்றம் அதிகம். கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய 20 மி.மீ. கான்கிரீட் மூடல் பல இடங்களில் 5 மி.மீ. கூட இருக்காது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டையை வைக்காமல் கம்பியைப் பலகை மேலேயே படுக்கவைத்துக் கொட்டியதன் பலன். காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். அது கம்பியைத் தொட்ட நாளிலிருந்து துரு. துரு தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் பிளந்து உதிரும். கடலோர ஊர்களில் உப்பு இதை இன்னும் விரைவாக்கும்.

தளத்தின் அடியில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக நேர்க்கோட்டு விரிசல், பழுப்புக் கறை இரண்டும் தெரிந்தால் கம்பி துருப்பிடித்துவிட்டது. குளியலறைக்கு மேலேயும், தொட்டிக்குக் கீழேயும், சமையலறை மூலையிலும் முதலில் தேடுங்கள். கம்பால் தட்டிக்கொண்டே போனால் பிரிந்த இடம் பானை மாதிரி ஒலிக்கும். வீட்டை விற்பதற்கு முன்னால் கூரை அடியில் மட்டும் புதுப்பூச்சு, அல்லது தேவையே இல்லாத ஃபால்ஸ் சீலிங் என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நகர வேண்டாம். உதிர்ந்த இடத்தில் கம்பியைச் சுரண்டி வெர்னியரால் அளங்கள். 8 மி.மீ. கம்பி 6.5 ஆக மெலிந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. துருவை எடுக்காமல் மேலே சிமெண்ட் அப்பினால் ஓரிரு மழைக்காலத்தில் அதுவும் சேர்ந்து விழும்.

சன்ஷேடையும் பால்கனியையும் தனியே பார்க்க வேண்டும். சுவரிலிருந்து நீட்டிய கான்கிரீட் பலகைக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து மிதித்துக் கம்பி அடிக்கு இறங்கிவிடும். சுவரை ஒட்டி மேல்பக்கம் நீளமான விரிசல் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அதன் கீழ் நின்று பேசாதீர்கள்.

இன்ஜினியர் கொண்டுவரும் கருவிகளின் அளவு தெரிந்திருந்தால் ஏமாற மாட்டோம். பினாப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டிவிட்டதா என்பதே கேள்வி. அடித்து எம்பும் அளவை வைத்துப் பலத்தைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமரைப் பூச்சின் மேல் அடித்தால் எண் பொய். பூச்சை எடுத்துத் தேய்த்துவிட்டு அடிக்க வேண்டும், அப்போதும் பலத்தின் கணிப்பு 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். கான்கிரீட்டுக்குள் ஒலி அலையை அனுப்பும் அல்ட்ராசோனிக் சோதனையில் ஒலியின் வேகம் வினாடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் என்றால் நல்லது, 3-க்குக் கீழே என்றால் சந்தேகம். இந்தச் சோதனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பும் பொறியியல் கல்லூரி சிவில் துறைகள் உண்டு.

ஓதம், தண்ணீர், கரண்ட்

சுவரின் அடியிலிருந்து மூன்றடி வரை பூச்சு பொரிந்து உப்பு பூத்திருந்தால் தரை ஈரம் ஏறுகிறது. அந்த உயரத்துக்கு மட்டும் டைல்ஸோ புது சிமெண்ட் பூச்சோ இருந்தாலும் அதே அர்த்தம்தான். மண் சுவருக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்குப் பின்னால் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்னால் துளிர்த்தால் அறைக்காற்றின் ஈரம், ஜன்னல் திறந்தால் போய்விடும்.

குடிக்கிற கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் நடுவே 50 அடிக்குக் குறைவு என்றால் ஒன்றை மாற்ற வேண்டும். அடுத்த வீட்டுக் குழியையும் சேர்த்து அளங்கள். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஃபுளோரைடு அளவைத் தவறாமல் கேளுங்கள், லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டக் கூடாது. கரண்ட் விஷயத்தில் எர்த் குழி இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் முழு ஒயரிங்கும் மாற்றுவதாகவே கணக்கில் வையுங்கள்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

"வீடு நன்றாக உள்ளது" என்று லெட்டர்பேடில் ஒரு பக்கம் எழுதி வாங்குவதில் பயனில்லை. வீட்டின் வரைபடத்தில் ஒவ்வொரு விரிசலும் எண்ணிட்டு, அகலத்தோடு, படத்தோடு இருக்க வேண்டும். எந்த இடத்தைத் திறந்து பார்த்தார், எதைப் பார்க்க முடியவில்லை என்று தனியே எழுத வேண்டும். குறைகளைக் குடியேறும் முன் செய்ய வேண்டியவை, ஒரு வருஷத்துக்குள் செய்ய வேண்டியவை, கவனித்துவர வேண்டியவை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவும் உத்தேசச் செலவும் கேளுங்கள். "உத்திரம் மாற்ற வேண்டும்" என்றால் எத்தனை அடி, எத்தனை உத்திரம் என்று இருந்தால்தான் ஆசாரியிடம் விலை கேட்க முடியும், விற்கிறவரிடம் குறைக்கச் சொல்லவும் முடியும்.

விற்கிறவர் விரும்பாத ஒன்றைச் செய்யப் போகிறோம் என்பதால், குழி தோண்டவும் பூச்சைப் பெயர்க்கவும் அனுமதி, பெயர்த்ததை நம் செலவில் சரிசெய்து தருவது, அறிக்கையில் பெரிய குறை வந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தருவது, இந்த மூன்றையும் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. ஒரு கை அகலப் பூச்சைக்கூடத் தொடவிட மாட்டேன் என்று மறுத்தால், அந்த வீட்டுக்கு மனையின் விலையை மட்டும் சொல்லுங்கள், இடிக்கிற செலவையும் அதில் கழித்து.